கல்லைக் காத்தவர்களுக்குக் காக்கத் தெரியாதா?

ஏற்காட்டைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும், ஊரின் வரலாறு 1820-களில்தான் தொடங்குகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலையேறினார், காப்பி நட்டார், பேரியும் ஆப்பிளும் கொண்டுவந்தார். அதோடு ஏற்காடு பிறந்துவிடுகிறது. பிறகு கிரேஞ்ச் பங்களா, தேவாலயங்கள், கான்வென்ட், 1917இல் மான்ட்போர்ட் பள்ளி. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட் காட்சிமுனைகள் படத்தோடு வரும். மலையின் சொந்த மக்களான மலையாளிகள் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் வந்து போவார்கள். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழ் பேசும் மலைமக்கள் இவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மூன்றரை லட்சத்துக்கும் அதிகம்.

கையேட்டை எழுதியவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. படித்தவர்கள் நடுவிலும், அதிகாரிகளிடமும், பழம்பொருள் ஆர்வலர்களிடமும் ஆழமாக வேரூன்றிவிட்ட ஓர் எண்ணம்தான் அங்கே அச்சாகிறது. மலைமக்களுக்குத் தங்களிடம் இருப்பதன் அருமை தெரியாது. மலையில் கிடைக்கும் கற்காலக் கோடரிக் கல்லுக்கு மஞ்சள் பூசிச் சாமி என்பார்கள். அதை எடுத்துவந்து எண்ணிட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்தால்தான் பிழைக்கும் என்பது அந்த எண்ணம். எதிர்த்துப் பேசினால் அடுத்த வாதம் ஆயத்தமாக இருக்கும்: "இவர்களே காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஏறியவர்கள்தானே? கற்காலக் கோடரி எப்படி இவர்களுடைய பாரம்பரியம் ஆகும்?"

இரண்டும் தவறு. கேட்பதற்கு இரண்டும் அறிவியல்போல ஒலிக்கின்றன. அதனால்தான் இவ்வளவு காலம் கேள்வியில்லாமல் நடமாடுகின்றன.

முதலில் அந்தக் கற்களைப் பார்ப்போம். புதிய கற்கால மனிதன் கருங்கல்லை உடைத்து, தட்டி, மணலும் நீரும் விட்டுப் பொறுமையாகத் தேய்த்து உருவாக்கிய கற்கோடரிகள் அவை. ஒரு முனை அகன்று கூர்மையாக இருக்கும், மறுமுனை குவிந்திருக்கும். கையில் எடுத்தால் கண்ணாடிபோல வழவழக்கும். குறைந்தது மூவாயிரம் ஆண்டுப் பழமை. உழும்போதும், மழைநீர் அரித்த ஓடைக்கரையிலும் அவை, ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் வெளிப்பட்டிருக்கின்றன. கண்டெடுத்த மலையாளி அதைத் தூக்கி எறியவில்லை, உடைத்து அம்மி கொத்தவும் இல்லை. இது மனிதக் கை செய்த பொருள், இயற்கையாகக் கிடக்கும் கல் இதுவன்று என்று அவருக்குத் தெரிந்தது. ஊர்ச் சாமி மேடைக்குக் கொண்டுபோய் மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். பிள்ளையார் என்று எண்ணெய் பூசி வணங்கினார். சேர்வராயன் மலையின் கோடரிகள் பல இப்படிச் சிறு கோயில்களில் வைத்துக் காக்கப்பட்டிருந்ததை வெள்ளைக்கார ஆய்வாளர்களே அந்நாளில் எழுதியிருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் இன்றும் இந்த வழக்கம் உண்டு.

இதில் எங்கே இருக்கிறது அருமை தெரியாமை? பழம்பொருளை அடையாளம் காண்பது, சிதறாமல் ஓரிடத்தில் சேர்ப்பது, சேதமாகாமல் பார்த்துக்கொள்வது, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது: அருங்காட்சியகம் செய்யும் வேலையும் இவைதானே? ஒன்றே ஒன்றை மலையாளிகள் செய்யவில்லை. பட்டியல் எழுதவில்லை. அந்த ஒரு வேலையைச் செய்தவருக்கு முழு உரிமையும், மற்ற நான்கையும் செய்தவருக்கு 'அறியாதவர்' என்ற பட்டமும் கொடுத்தது எந்த நியாயம்?

இந்தக் கற்களைச் சேகரித்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டைச் சிறுமைப்படுத்துவது இங்கே நோக்கமில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றை அடையாளம் கண்டு, இந்தியத் துணைக்கண்டத்தின் மனித வரலாற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவைத்த மேதை அவர். நிலவியல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்த அவருக்கு ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் இருக்கிறது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், 1882இல் கண்மூடியதும் இந்த மலையில்தான். அந்தக் கல்லறைத் தோட்டம் பாதுகாக்கப்பட வேண்டும். புல் மண்ட விடுவது வெட்கக்கேடு. வெள்ளையர் விட்டுச்சென்றதை அழித்துத்தான் மலைமக்களின் மரபை உயர்த்த வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

ஆனால் ஃபுட் தம் வாழ்நாள் சேகரிப்பை 1904இல் சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். சேர்வராயன் மலைக் கற்களும் அதில் போயின. அவற்றுக்கு வரிசை எண் கிடைத்தது, ஃபுட்டின் பெயர் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்திருந்த ஊர்களுக்கு என்ன கிடைத்தது? பெயர்கூட இல்லை. எழும்பூரில் அந்தக் கற்கள் 'ஃபுட் சேகரிப்பு' என்றே அறியப்படுகின்றன. கோடரியைச் செய்தவர் ஃபுட் இல்லை. முதலில் கண்டெடுத்தவரும் பல நேரங்களில் அவர் இல்லை. மலையாளி சேகரித்ததை அவர் மறுபடியும் சேகரித்தார் என்பதுதான் உண்மைக்கு நெருக்கமான விவரம்.

அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாம். விட முடியாதது, இன்றும் அதே வாதத்தைத் தமிழ்நாட்டில் தமிழர்களே மலைமக்களைப் பார்த்துச் சொல்வது.

ஏனென்றால் இந்த வாதம் நமக்கு எதிராகச் சொல்லப்பட்டபோது நாம் என்ன செய்தோம் என்பதை நாடே அறியும். சிவகங்கை மாவட்டம் கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் தோண்டத் தொடங்கி, கிடைத்த பொருள்களை மைசூருக்குக் கொண்டுபோகப் புறப்பட்டபோது, தமிழ்நாடு கொதித்தது. ஆய்வு வசதி அங்கேதான் இருக்கிறது, பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது என்று சொல்லப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குப் போயிற்று. மண்ணில் கிடைத்தது மண்ணிலேயே இருக்க வேண்டும் என்று மாணவரும் எழுத்தாளரும் வழக்கறிஞரும் கேட்டார்கள். 2023 மார்ச் 5 அன்று கீழடியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் அதே மதுரைக் கிளை உத்தரவிட்டபோதும் நாம் மகிழ்ந்தோம். சரியான மகிழ்ச்சி.

மைசூருக்குப் போகக் கூடாது என்று சொன்ன நியாயம் எழும்பூருக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா? தொலைவைக் கொண்டா நியாயத்தை அளப்பது? கீழடிப் பானை ஓட்டுக்கும் சிவகங்கை மாவட்டத்துக்காரருக்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி உண்டு. நடுவே யார் வந்தார், யார் போனார் என்று எவரும் அவரிடம் சான்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. சேர்வராயன் மலைக்காரரிடம் மட்டும் அந்தச் சான்றைக் கேட்கிறார்கள்.

காஞ்சிபுரத்துக் கதை இங்கேதான் ஆயுதமாகிறது. மலையாளிகளே சொல்லும் கதை அது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்து போனார்கள். மூன்று மலையின் மக்களும் ஒரே குடும்பத்தின் கிளைகள் என்று சொல்லும் உறவுக் கதை. இதை எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்தார். தர்ஸ்டன் யார்? 1885 முதல் 1908 வரை அதே சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர். சேர்வராயன் மலையாளிகளைப் பற்றி அருங்காட்சியக வெளியீட்டிலேயே எழுதியவர். தென்னிந்தியச் சாதிகளின் தலையையும் மூக்கையும் அளவெடுத்துக் குறித்தவர். மலையின் கற்கள் எந்த அலுவலகத்துக்குப் போயினவோ, அந்த அலுவலகத்தின் தலைவரே மலையின் கதையையும் எழுதிக்கொண்டார். கற்களும் கதையும் ஒரே கட்டடத்துக்குள் போய், இன்று வெளியே வரும்போது ஒன்று மற்றொன்றுக்கு எதிர்ச் சாட்சியாக நிற்கிறது.

வந்தேறியவர்க்குப் பாரம்பரியம் இல்லை என்றால் இந்த நாட்டில் யாருக்கு உண்டு? செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோனார்கள், விஜயநகர நாயக்கர்கள், பீஜப்பூர்ப் படைகள், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அத்தனை கை மாறிய கோட்டை அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது 'மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள்' என்ற தலைப்பின்கீழ் ஏறியது. மராட்டியர் அங்கே ஆண்ட காலம் கோட்டையின் வயதில் சிறு பகுதி. ஆனாலும் அந்தப் பகுதியை முன்னிறுத்தி, முழுக் கோட்டைக்கும் அந்தப் பெயரில் உலக அங்கீகாரம் வாங்க முடிந்தது. கோட்டையைக் கட்டாதவர்க்கு இது முடியும் என்றால், தலைமுறைகளாக மலையில் உழுது, விதைத்து, இறந்தோரைப் புதைத்து, கற்களைக் காத்து வாழ்பவர்க்கு ஏன் முடியாது? வேறுபாடு ஒன்றுதான். செஞ்சிக்குப் பின்னால் அரசு நின்றது. சேர்வராயனுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

இந்தக் கேள்வி கோயில் மேடையோடு நிற்பதில்லை. சாதிச் சான்றிதழ் வரை போகிறது. பழங்குடி என்று ஏற்க 1965இல் லோகூர் குழு வகுத்த அளவுகோல்கள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன: தொன்மையான வாழ்க்கைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறரோடு பழகத் தயக்கம், பின்தங்கிய நிலை. தனித்த பண்பாடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆனால் அதன் சின்னங்கள் சென்னையில் இருக்கும். தொன்மையாக வாழ வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஓடு போட்டால் 'மாறிவிட்டார்கள்' என்பார்கள். சேலம் மாவட்ட மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மலையாளி பழங்குடி இல்லை, ஏனென்றால் பட்டியலில் அந்தப் பகுதி சேர்க்கப்படவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுகளுக்கு நடுவே மாவட்ட எல்லைக் கோடு விழுந்து கிடக்கிறது. ஈரோட்டு மலைமக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பண்பாட்டை வைத்து மட்டுமே ஒருவரின் பழங்குடி உரிமையை முடிவு செய்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாகச் சொன்ன பிறகும் நிலைமை இதுதான்.

பாதுகாப்பு என்ற வாதத்துக்கு வருவோம். அதுதான் மிக வலுவானது. அதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். திறந்த மேடையில் கிடக்கும் கல்லை யாரும் எடுத்துப் போகலாம். தமிழ்நாட்டில் சிலைத் திருட்டு எவ்வளவு பெரிய வணிகம் என்பது தெரிந்ததே. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடப்பட்ட நடராசர், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்குப் போனது. கைவிடப்பட்ட கோயிலில் சிலையை விட்டுவைத்ததால்தானே இப்படி ஆயிற்று என்று கேட்பார்கள்.

ஆனால் அந்த நடராசர் 2014இல் எப்படித் திரும்பினார்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களில் சிலைகளை இருந்த இடத்திலேயே படம் எடுத்து வைத்திருந்தது. அந்தப் படங்கள்தான் ஆஸ்திரேலியாவில் இருப்பது ஸ்ரீபுரந்தான் நடராசரே என்று காட்டின. சிலையை எவரும் முன்னதாக எடுத்துப் போய்க் காக்கவில்லை. இடத்தில் வைத்தே பதிவு செய்ததுதான் காத்தது. ஊரில் இருக்கட்டும், ஆனால் ஆவணம் இருக்கட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். சேர்வராயன் மலைக்கும் அதுவே வழி.

அதற்கும் முந்திய பத்தூர் வழக்கை இங்கே நினைக்க வேண்டும். 1976இல் பத்தூரில் ஒரு கூலித்தொழிலாளி மண்ணிலிருந்து எடுத்த நடராசர் லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த வழக்கில் இடிந்து கிடந்த கோயிலே வழக்காடும் உரிமை உள்ள தரப்பாக ஏற்கப்பட்டது. 1991இல் சிலை திரும்பிற்று. வழிபாடு நின்றுபோன கோயிலுக்கே லண்டன் நீதிமன்றம் அந்த மதிப்பைக் கொடுத்தது. வழிபாடு நிற்காத மலைக்கோயிலுக்குச் சென்னை அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாமா?

அருங்காட்சியகச் சுவருக்குள் இருந்தால் பத்திரம் என்பதும் பாதி உண்மைதான். 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்து, அமேசான் பழங்குடிகளின் பொருள்களும் மொழிப் பதிவுகளும் சாம்பலாயின. ஏதென்ஸின் பளிங்குச் சிற்பங்களைத் திருப்பித் தர மறுத்து, தன்னைவிடப் பாதுகாப்பான இடமில்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தன் கிடங்கிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் பொருள்கள் காணாமல் போயும் சேதமாகியும் இருப்பதை 2023இல் ஒப்புக்கொண்டது. நம் வீட்டுக் கதையும் பெருமைப்படத்தக்கதாக இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் கோரிக்கையின் பேரில் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்வையிட்ட யுனெஸ்கோ குழு, திருப்பணி என்ற பெயரில் பழங்கட்டடங்கள் சிதைக்கப்படுவதை 2017இல் கடுமையாகச் சுட்டியது. மணல் வீசிச் சிற்பத்தைத் தேய்த்ததும், பழைய மண்டபத்தை இடித்ததும் மலைமக்கள் இல்லை. அறநிலையத் துறையின் மேற்பார்வையில் நடந்த வேலை அது.

மலை ஊர்களிலும் சிமெண்ட் வந்துவிட்டது என்பது மெய். பழைய மேடையை இடித்து டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்துப் புதுக்கோயில் எழுப்பும் ஆசை அங்கும் பரவியிருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்த ஆசை எங்கிருந்து போயிற்று? கீழே சமவெளியின் கோயில்தான் 'உண்மையான' கோயில், மேலே இருக்கும் கல்லும் மேடையும் தாழ்ந்தவை என்று மலைமக்களுக்கு நூறு ஆண்டாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். உங்கள் கற்கோடரி தமிழ்நாட்டின் மிகப் பழைய கைவேலைகளில் ஒன்று, அதைக் காத்தது நீங்கள் என்று ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் கேட்பார்களா என்று சோதித்துப் பார்த்தவரும் குறைவு.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஊர் தன் விருப்பப்படி செய்து பொருள் அழிந்துபோனால்? அமெரிக்காவின் ஸூனி மக்கள் தங்கள் போர்த்தெய்வ மரச்சிற்பங்களை அருங்காட்சியகங்களிடமிருந்து 1978 முதல் திரும்பக் கேட்டார்கள். திரும்பக் கிடைத்தவற்றைத் திறந்த வெளி மேடைகளில் வைத்தார்கள். மழையிலும் வெயிலிலும் அவை மெல்ல மக்கிப் போக வேண்டும் என்பதே அவர்கள் மரபு. காப்பாளர்கள் பதறினார்கள். ஆனாலும் டென்வர் கலை அருங்காட்சியகம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் கொடுத்தன, ஏனென்றால் அந்தப் பொருளுக்கு உயிர் கொடுத்தது அந்த மரபுதான். சேர்வராயன் மலையில் அந்த இக்கட்டுகூட இல்லை. கருங்கல் எண்ணெயில் மக்காது.

பாரம்பரியம் பற்றிய பேச்சு ஏன் அரசியல் என்பது பாக்சைட் கதையில் முழுதாகத் தெரியும். சேர்வராயன் மலையின் உச்சிச் சமவெளிகளில் பாக்சைட் உண்டு. 1960-களில் மேட்டூரில் தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்காக இந்த மலையிலும் கொல்லிமலையிலும் பல்லாண்டு வெட்டினார்கள். 1995இல் ஆலை ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போயிற்று. அதுவே பின்னாளில் வேதாந்தா. சேர்வராயன் சாமி குடியிருக்கும் மலை அது. உச்சியில், தலைகுனிந்து நுழையும் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று வட்டார மலைகளிலிருந்தெல்லாம் மக்கள் கூடுகிறார்கள். மலையின் மேல்தோலை உரிக்கலாமா என்று அந்த மக்களிடம் எந்தச் சபையைக் கூட்டிக் கேட்டார்கள்?

ஒடிசாவில் அதே குழுமம் நியமகிரி மலையைக் கேட்டபோது, டோங்ரியா கோந்த் மக்களின் நியமராஜன் குடியிருக்கும் மலையைப் பற்றி அந்த மக்களின் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஊர்களும் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. அங்கே பழங்குடியின் தெய்வம் சட்டத்தின் முன் எடையுள்ள சொல்லாயிற்று. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான 2006 வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டுக்கும் உரியது. அதன் ஐந்தாம் பிரிவு, பண்பாட்டு மரபையும் இயற்கை மரபையும் சிதைக்கும் செயல்களிலிருந்து தங்கள் வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுக்கிறது. பாரம்பரியத்தைக் காப்பது யார் என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் எழுத்தில் தந்த விடை அது. தமிழ்நாட்டிலோ, 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமை ஆவணங்கள் முடங்கின. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓரிடம்கூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்காட்டுக்கு எட்டவில்லை. சட்டமன்றத்தில் ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. வாக்குக்கு மட்டும் பழங்குடி மலை, மற்றதற்கெல்லாம் சுற்றுலாத் தலம்.

அரசு பண்பாட்டைக் கொண்டாடாமல் இல்லை. கொல்லிமலையில் ஆடி 17, 18 நாள்களில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறது. சங்க இலக்கியப் பெருமை, எடுக்கட்டும். ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா, மலர்க்கண்காட்சி. சேலம் மாவட்டத்துத் தெலுங்கனூரிலும் மாங்காட்டிலும் கிடைத்த இரும்பின் காலக் கணக்கை 2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' அறிக்கையில் உலகுக்கே அறிவித்தது. மலைக்குக் கீழே மேட்டூர்ப் பக்கம் கிடைத்த இரும்பு தமிழரின் பெருமை என்றால், மலைக்கு மேலே சாமி மேடையில் இருக்கும் கோடரி யாருடைய பெருமை? அதைக் காத்தவரின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பெருமையை எவரும் கொண்டாட முடியாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள சேர்வராயன் மலைக் கற்கள் ஒவ்வொன்றும் எந்த ஊரிலிருந்து போனது என்று, கிடைக்கும் குறிப்புகளின்படி தமிழில் பட்டியலிட்டு அந்தந்த ஊருக்கு அனுப்ப வேண்டும். கோயிலிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியும் கல்லை ஊர் திரும்பக் கேட்டால் கொடுக்க வேண்டும். இன்னும் மேடைகளில் இருப்பவற்றை ஊர்ச் சபையின் சம்மதம் பெற்று, இருந்த இடத்திலேயே படமெடுத்து, அளந்து, பதிவு செய்ய வேண்டும்; பதிவின் ஒரு படி ஊரிடம் இருக்க வேண்டும், கல்லை நகர்த்தக் கூடாது. அந்த வேலைக்கு மலையாளி இளைஞர்களையே பயிற்றுவித்துச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். காட்சிக்கூடம் ஒன்று வேண்டுமென்றால் அது ஏற்காட்டில், மலையாளிகள் பெரும்பான்மையாக உள்ள குழுவின் பொறுப்பில் அமையட்டும். ஃபுட்டின் பெயரும் அங்கே இருக்கட்டும், கற்களைக் காத்த ஊர்களின் பெயர்களுக்கு அடுத்ததாக.

இதற்காக டெல்லியைக் கேட்டுக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. எழும்பூர் அருங்காட்சியகமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் மாநில அரசின் கீழேதான் இருக்கின்றன.